தேங்காய் எண்ணெய் முதல் டூத்பேஸ்ட் வரை: வீட்டுப் பொருள் தேய்த்துக் கெட்ட லெதர் ஷூவைச் சரிசெய்வது

பாலிஷ் தீர்ந்துபோன காலையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து ஷூவில் தேய்ப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எதைத் தேய்த்தாலும் முதல் அரை மணி நேரம் ஷூ பளபளக்கும், ஈரமாக இருக்கிற எதுவும் பளபளக்கத்தானே செய்யும். கோளாறு மறுநாளோ மறுவாரமோ தெரியவரும். அப்போது பலரும் அதன் மேலேயே இன்னொரு கோட் பாலிஷ் போடுகிறார்கள். கெட்டதை உள்ளே வைத்துப் பூட்டுவது அந்தக் கோட்தான். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் வேலை, போட்டதை எடுப்பது. பூசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

## கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

லெதரா, ரெக்ஸினா? லேஸைக் கழற்றி, ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, அதன் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். லெதர் என்றால் ஓரம் முழுக்க நார் நாராகத் தெரியும். ரெக்ஸின் என்றால் மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலமும் கீழே துணியும் தனித்தனியாகத் தெரியும். ஓரத்தை மடித்துத் தைத்திருந்தால் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். லெதரில் விரலைச் சுற்றி ஒழுங்கில்லாத நுண்சுருக்கங்கள் கிளம்பும், ரெக்ஸின் ஒரே சீராகக் குழியும். ரெக்ஸின் எதையும் உறிஞ்சாது. ஈரத்துணியால் துடைப்பதைத் தவிர அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை.

எந்த வகை லெதர்? குதிகால் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஒரு நிமிடத்தில் உள்ளே போய் அந்த இடம் கறுத்தால் திறந்த லெதர். அது எண்ணெயையும் அதே வேகத்தில் குடித்திருக்கும், எடுப்பது கஷ்டம். சொட்டு அப்படியே நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, எடுப்பது எளிது. ஸ்வேட் (மேற்பரப்பு பஞ்சு போல இருக்கும் லெதர்), பேட்டன்ட் லெதர் (கண்ணாடி போல மின்னுவது) இரண்டுக்கும் இந்த வழிமுறை பொருந்தாது.

போட்டது எண்ணெயா? நினைவில்லை என்றால் ஷூவின் மேல் டிஷ்யூ பேப்பரை வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து ஹேர் டிரையரை அரை நிமிடம் காட்டி, விரலால் அழுத்துங்கள். பேப்பரில் பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி கண்ணாடிப் புள்ளி விழுந்தால் எண்ணெய், வாஸ்லின், மெழுகு மூன்றில் ஒன்று.

எந்தத் திரவத்தையும் முதலில் நாக்கின் மறைவான இடத்தில் போட்டு, பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் வெளியே தொட வேண்டும்.

## தொட்டால் பிசுபிசுக்கிறது, தூசி அப்புகிறது

### நல்ல பாலிஷ்தான் போட்டீர்கள் என்றால்
அளவு கூடிவிட்டது. ஒரு ஷூவுக்குப் பட்டாணி அளவு போதும். காய்ந்த பிரஷ்ஷால் இரண்டு நிமிடம் வேகமாகத் தேய்த்து, பழைய பனியன் துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

### வாழைப்பழத் தோல் தேய்த்திருந்தால்
ஒட்டுவது சர்க்கரை. நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்தாலே போய்விடும். தோலின் நார் தையலில் சிக்கியிருக்கும், அதைப் பழைய டூத்பிரஷ்ஷால் எடுங்கள். இரண்டு நாள் கழித்தும் எறும்பு வந்தால் தையல் இன்னும் சுத்தமாகவில்லை.

### வாஸ்லின் போட்டிருந்தால்
வாஸ்லின் காயாது. மேலேயே கிடந்து தெருத்தூசியைச் சேர்த்துக்கொள்ளும். முதலில் காய்ந்த துணியால் வழித்தெடுங்கள். பிறகு ஒரு கப் தண்ணீரில் அரை டீஸ்பூன் குழந்தைகள் ஷாம்பு கலந்து அடித்து, நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைத்து, வெறும் ஈரத்துணியால் முடியுங்கள். பூச்சு உள்ள லெதருக்கு இதுவே போதும்.

### தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஊறியிருந்தால்
புதுச் செருப்பு கடிக்கிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைப்பது நல்ல பழக்கம்தான். ஷூ முழுக்கத் தடவுவது வேறு விஷயம். இந்த எண்ணெய்கள் லெதருக்குள் காய்ந்து இறுகுவதில்லை. நாள்பட ஊறி, காறல் வாடை அடித்து, பேன்ட் ஓரத்திலும் சாக்ஸிலும் இறங்கும். மேலே போடும் மெழுகு பாலிஷும் பிடிக்காது.

ஷூவை ஒரு நிமிடம் ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றுங்கள். கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. உடனே கான்ஃப்ளவர் மாவையோ உலர்ந்த முல்தானி மட்டியையோ விரல் தடிமனுக்கு மூடிப் போட்டு, 12 மணி நேரம் விட்டு, பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். முல்தானி மட்டியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் லெதர் விறைத்துப்போகும், பொடியாகத்தான் போட வேண்டும். அரிசி மாவு அவ்வளவாக உறிஞ்சாது, வண்டுதான் வரும். டிஷ்யூ சோதனையில் கறை விழாதவரை இதைத் திரும்பச் செய்யலாம், மூன்று முறை வரை. அதற்கு மேலும் கறை விழுந்தால் எண்ணெய் அடிவரை போய்விட்டது. அந்த ஷூவுக்கு இனி டப்பா மெழுகு வேண்டாம், க்ரீம் பாலிஷ் மட்டும்.

கடைக்கு எப்போது: அடி விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு சோல் பிரிந்திருந்தால். ஊறிய எண்ணெய் சோலின் பசையையும் இளக்கிவிடும். இதில் உடனடிப் பசையை விட்டு அழுத்தாதீர்கள். அது கண்ணாடி போல இறுகி, நடக்கும்போது மடிகிற இடத்தில் உடையும். பிறகு செருப்புத் தைப்பவர் அதைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆகும். அவரிடம் எண்ணெய் போட்டதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு பரப்பையும் துடைத்துச் சொரசொரப்பாக்காமல் ரப்பர் பசை போட்டால் அதுவும் நிற்காது.

## வெள்ளையாகப் படிந்திருக்கிறது

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. நான்கு வெவ்வேறு கோளாறுகள் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும், நான்குக்கும் மருந்து வேறு. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

### தையலிலும் துளை வேலைப்பாட்டிலும் மட்டும் வெள்ளை
டூத்பேஸ்ட், டால்கம் பவுடர், அல்லது காய்ந்த பாலிஷ். காய்ந்த டூத்பிரஷ்ஷால் தையலின் போக்கிலேயே தேயுங்கள், பிறகு லேசாக ஈரம் தொட்டு ஒரு முறை. டூத்பேஸ்ட்டில் இருப்பது பல்லைத் தேய்ப்பதற்கான நுண்பொடி. கீறலைப் போக்குவதாக நினைத்து லெதரில் தேய்த்தால் அது சுற்றியுள்ள பூச்சையும் தேய்த்து மங்கலாக்கும். அதன் இடம் வெள்ளை ரப்பர் சோலின் ஓரம். அங்கே நன்றாகவே வேலை செய்கிறது.

### மேகம் போல மெல்லிய படலம், தொட்டால் மெழுகு
கொழுப்பு மேலே வந்து உறைந்திருக்கிறது. ஹேர் டிரையர் காட்டினால் கண் முன்னாலேயே மறையும், மற்ற மூன்றும் மறையாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். சென்னையில் ஒழுங்காக இருந்த ஷூ ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனதும் வெளுத்துப்போவது இதனால்தான். மெழுகுவத்தியைத் தேய்த்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். சூடு காட்டிய உடனே துணியால் துடைத்து பிரஷ் போடுங்கள். காரணம் தேங்காய் எண்ணெய் என்றால் மேலே சொன்ன மாவு வைத்தியமும் வேண்டும், இல்லையென்றால் அடுத்த குளிருக்குத் திரும்ப வரும்.

### அலை அலையான கோடு, தொட்டால் நறநறப்பு
உப்பு. மழையில் நனைந்தது, கடற்கரைக்குப் போனது, கால் வியர்வை எல்லாம் காரணமாகலாம். உப்புச் சுவையுள்ள போர்வெல் தண்ணீரால் வாரக்கணக்கில் ஷூ துடைப்பவர்கள் வீட்டில் வேறு காரணமே தேட வேண்டாம்.

வினிகர் ஒரு பங்கு, குடிக்கிற தண்ணீர் இரண்டு பங்கு. துணியில் தொட்டு, கறை உள்ள இடத்தை மட்டும் அல்ல, தையலிலிருந்து தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் ஒத்தி எடுங்கள். கறையை மட்டும் துடைத்தால் அதைச் சுற்றிப் புதுக் கோடு விழும். பிறகு வெறும் தண்ணீர்த் துணி. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே 24 மணி நேரம் காயவிடுங்கள். தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் பாலிஷ்.

வினிகர் இல்லையென்று எலுமிச்சை பிழியாதீர்கள். வினிகரின் புளிப்பு ஆவியாகிப் போய்விடும். எலுமிச்சையின் அமிலம் ஆவியாகாது, தண்ணீர் காய்ந்தாலும் லெதரிலேயே நின்று டான் (இளம்பழுப்பு) ஷூவில் வெளிறிய திட்டு போடும்.

### வட்ட வட்டமாகப் புள்ளி, பஞ்சு போல, பழைய பெட்டி வாடை
பூஞ்சை. பால், முட்டை, வாழைப்பழத் தோல் எது போட்டிருந்தாலும் ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு இது நிச்சயம். வீட்டுக்குள் தட்டாதீர்கள், பக்கத்து ஷூவுக்கும் பரவும். வெளியே கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து வெளியிலும் உள்ளேயும் துடைத்து, காலை வெயிலில் இருபது நிமிடம் வைத்து, பிறகு நிழலில் இரண்டு நாள். உச்சி வெயிலில் நாள் முழுக்க வைத்தால் பூஞ்சையோடு லெதரும் போகும்.

கடைக்கு எப்போது: உள் துணி கறுத்திருந்தாலோ, சுத்தம் செய்தும் இரண்டாம் முறை வந்தாலோ. உள்ளங்கால் அட்டையையும் லைனிங்கையும் மாற்றுவதுதான் வழி.

## எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு ஏறவில்லை

நாக்கின் ஓரத்தைப் பார்க்காமல் இங்கே வந்திருந்தால் முதலில் போய்ப் பாருங்கள். ஏறாததற்குக் காரணம் அது ரெக்ஸினாகவே இருக்கலாம். ரெக்ஸின் இல்லையென்றால் மூன்று சாத்தியங்கள்.

பொறுமை போதாததால் வருவது எளியது. பாலிஷ் போட்ட உடனே தேய்த்தால் அது துணியோடு வந்துவிடும். பத்து நிமிடம் விட்டு பிரஷ் போட வேண்டும்.

பழைய அடுக்குகள் சேர்ந்திருந்தால் ஷூ பளபளப்புக்குப் பதில் கரிச்சட்டி நிறத்தில் இருக்கும், நகத்தால் சுரண்டினால் கறுப்பு மெழுகு வரும். ஷாம்பு நுரை இதற்குப் போதாது. பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனைத் துணியில் லேசாகத் தொட்டு, ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புது முகத்தைத் திருப்புங்கள். டர்பன்டைனும் தின்னரும் ஒரே அலமாரியில் இருக்கும். மாற்றி எடுத்துவிடாதீர்கள், தின்னர் லெதரின் கலர் பூச்சையே கழற்றிவிடும்.

மூன்றாவது, கார் டேஷ்போர்டு பாலிஷ், மரச்சாமான் ஸ்ப்ரே, தேய்த்த உடனே மின்னும் ஸ்பாஞ்ச். இவற்றில் பலவற்றில் சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது. க்ரீம் பாலிஷைத் தடவினால் பரவாமல் திட்டுத்திட்டாக ஒதுங்கும், அதுதான் அடையாளம். இதற்கும் டர்பன்டைன்தான், நாளைக்கு ஒரு முறையாக மூன்று முறை. ஆனால் ஷூ சுத்தமான பிறகும் பழைய பிரஷ்ஷையே எடுத்தால் சிலிக்கான் திரும்ப வரும், மற்ற ஷூக்களுக்கும் போகும். பிரஷ்ஷைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு முறை அலசுங்கள், துணியைத் தூக்கி எறியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பெரியும் அறையில் இந்த வேலை ஆகாது.

கடைக்கு எப்போது: சோலையோ கலரையோ மாற்றக் கொடுக்கும்போது. டேஷ்போர்டு பாலிஷ் பட்ட லெதரில் பெயின்ட்டும் பசையும் ஒட்டாது, முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

## கலர் போய்த் திட்டாக இருக்கிறது

திட்டின் மேல் ஈர விரலை வையுங்கள். அந்த இடம் கறுத்தால் பூச்சு போய் வெறும் லெதர் வெளியே வந்துவிட்டது. கறுக்காவிட்டால் மேலே ஏதோ படிந்திருக்கிறது, அவ்வளவுதான், துடைத்தால் போகும்.

பூச்சு போவதற்குக் காரணம் அநேகமாக நெயில் பாலிஷ் ரிமூவர், சானிடைசர், சென்ட், அல்லது தின்னர். கறுப்பு ஷூவில் செம்பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். கலர் உள்ள க்ரீம் பாலிஷை மெல்லிசாக இரண்டு மூன்று கோட், அரை மணி இடைவெளியில். மார்க்கர் பேனாவால் நிரப்புவது பலரும் செய்வது. குழல் விளக்கில் கறுப்பாகத் தெரிவது வெயிலில் ஊதாவாக மின்னும். தலைமுடி டையும் வேண்டாம், அதிலுள்ள காரம் (அமிலத்துக்கு எதிரானது) லெதரை விறைக்க வைக்கும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் போட்டால் கறுக்கத்தான் செய்யும், ஆனால் லெதரில் நிற்காமல் பேன்ட்டுக்குப் போய்விடும்.

டான், பிரவுன் ஷூ எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தால் மாவு வைத்தியம் செய்துவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். கொஞ்சம் வெளுக்கும். பழைய நிறம் முழுதாகத் திரும்பாது. மிச்சம் தெரிந்தால் ஒரு படி அடர்ந்த கலர் க்ரீமை இரண்டு ஷூவுக்கும் முழுக்கப் போட்டு ஒன்றாக்குவதே நடைமுறை.

கடைக்கு எப்போது: திட்டு பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தால், அல்லது ஷூ கறுப்பாக இல்லாமல் இருந்தால். டான் கலரைப் பொருத்துவது கை பழகியவர் வேலை.

## மடிப்பில் வெடிப்பு

நகத்தால் மெல்லக் கிளறுங்கள். செதிலாக உதிர்ந்தால் வெடித்தது லெதர் அல்ல, மேலே போட்ட படலம். லிக்விட் ஷைனர் பல கோட், மெழுகுவத்தி, முட்டை வெள்ளைக்கரு, கலரில்லாத நெயில் பாலிஷ் எல்லாம் இப்படி உடையும். முதல் இரண்டுக்கும் டர்பன்டைன் தொட்ட டூத்பிரஷ், முட்டைக்கு ஈரத்துணி. நெயில் பாலிஷை மட்டும் ரிமூவரால் எடுக்கப் போகாதீர்கள், கலரும் சேர்ந்து போகும். உதிர்ந்தவரை உதிரட்டும்.

உதிராமல் நுண்கோடுகள் மட்டும் தெரிந்தால் லெதர் வறண்டிருக்கிறது. சமையலறையிலிருந்து எடுக்கக் கூடிய ஒரே எண்ணெய் விளக்கெண்ணெய், கெட்டியாக இருப்பதால் பிடித்து நிற்கும். ஷூவை ஈரத்துணியால் துடைத்து, சற்றே ஈரம் இருக்கும்போது, ஒரு ஷூவுக்கு நாலைந்து சொட்டு, ஷூவில் விடாமல் துணியில் விட்டுத் தடவுங்கள். இரவு முழுக்க விட்டு, காலையில் அழுத்தித் துடைத்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

ஷூ அட்டை மாதிரி விறைத்திருந்தால் சமையல் சோடாவோ துணி சோப்போ போட்டிருக்கிறீர்கள். லெதர் இலேசான புளிப்புத் தன்மை உள்ளது, காரம் பட்டால் கெடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வினிகர் கலந்து இரண்டு முறை துடைத்துக் காயவைத்து, பிறகு விளக்கெண்ணெய். பாதிதான் மீளும்.

கடைக்கு எப்போது: வெடிப்பில் விசிட்டிங் கார்டின் ஓரம் நுழைந்தால். உள்ளிருந்து ஒட்டுப் போட்டுத் தைக்கலாம், விலை உயர்ந்த ஷூவுக்கு அது கட்டுப்படியாகும். வாஸ்லினை அடைத்தால் வெடிப்பு மறையும், நாலு நாளில் இன்னும் அகலமாகத் திறக்கும். ரெக்ஸின் உரிந்தால் தைப்பவரிடமும் மருந்து இல்லை.

## நாற்றம்

காரணம் அநேகமாக மினுக்கத்துக்காகத் தேய்த்த பால், முட்டை, பீர் மூன்றில் ஒன்று. இவற்றைத் தேய்க்கும் யோசனை முழுக்கப் பைத்தியக்காரத்தனம் அல்ல. தோல் தொழிலில் முட்டை வெள்ளைக்கருவின் ஆல்புமினும் பாலின் கேசினும் மினுக்கும் பூச்சில் பழையகாலம் தொட்டு உண்டு. ஆனால் அங்கே அதைக் கெடாதபடி ஃபார்மலின் கொண்டு இறுக்கி, இயந்திரத்தில் கண்ணாடி உருளையால் அழுத்தி மினுக்குவார்கள். வீட்டில் அந்த இரண்டாம் பாதி கிடையாது, அதனால்தான் அழுகுகிறது.

துடைக்கக் குளிர்ந்த தண்ணீரே வேண்டும். வெந்நீர் பட்டால் முட்டை லெதரிலேயே வெந்து பிடித்துக்கொள்ளும். மூன்று முறை துடைத்து, கடைசியாக மூன்றில் ஒரு பங்கு வினிகர் கலந்த தண்ணீர். உள்ளே நாற்றம் என்றால் உள்ளங்கால் அட்டையைக் கழற்றித் தனியே காயவைத்து, ஷூவுக்குள் ஒரு துணி முடிச்சில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கட்டி இரவு முழுக்க வையுங்கள். சோடா முடிச்சுக்குள்ளேயே இருக்கட்டும், லெதரில் கொட்டக் கூடாது.

## பேன்ட், சாக்ஸில் கறை

செம்பருத்திப் பூ தேய்த்த ஷூ நன்றாகவே மினுங்கும், கறுப்பு ஷூவுக்கு வீட்டுப் பொருட்களில் கெடுதல் குறைந்தது இதுதான். ஆனால் மழை பட்டால் அதன் வழவழப்பு மறுபடி கரைந்து வெள்ளை சாக்ஸில் ஊதா இறங்கும். ஈரத்துணியால் ஷூவைத் துடைத்துவிட்டால் தீர்ந்தது. எண்ணெயும் கரியும் பட்ட பேன்ட்டைத் தண்ணீரில் போடும் முன் கறையில் பாத்திரம் கழுவும் திரவத்தை நேராக விட்டுப் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். ஷூவை வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை விழாதவரை மாட்டிக்கொண்டு போகலாம், விழுந்தால், எண்ணெய் ஊறாத ஷூவுக்குக் கலரில்லாத மெழுகு பாலிஷ் ஒரு கோட்.

## டப்பாவில் பாலிஷ் கல்லாகிவிட்டது

வேறு பொருளைத் தேட வைப்பதே பெரும்பாலும் இதுதான். பாலிஷ் கெடவில்லை, அதிலிருந்த கரைப்பான் ஆவியாகிப் போயிருக்கிறது. மூடியைத் தளர்த்தி, அடுப்பை அணைத்து இறக்கிய வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை ஐந்து நிமிடம் நிறுத்தி, டர்பன்டைன் ஐந்தாறு சொட்டு விட்டுக் குச்சியால் கிளறி, மூடி ஆறவிடுங்கள். தீக்குச்சி, லைட்டர், கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம், டப்பாவே தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் விட்டால் இளகும், வாடை மாதக்கணக்கில் போகாது. தேங்காய் எண்ணெய் கலந்துவிட்டீர்களென்றால் அந்த டப்பா திரும்ப இறுகாது. இரும்பு கேட்டின் தாழ்ப்பாளுக்குத் தடவ வைத்துக்கொண்டு ஷூவுக்குப் புதுசு வாங்குங்கள்.